வீட்டுப் பட்டறையில் கட்டப்படும் பந்தயத் தானுந்து

வீட்டுப் பட்டறையில் கட்டப்படும் பந்தயத் தானுந்து என்பது, தொழிற்சாலையில் அல்லாமல், தனி ஒருவரோ சில நண்பர்களோ வீட்டின் பின்புறக் கொட்டகை, வாடகைக் கடை, டிராக்டர் நிறுத்தும் கூடம் போன்ற இடங்களில் தம் கையால் உருவாக்கும் போட்டி ஊர்தி ஆகும். பழைய தானுந்து ஒன்றின் பொறி, பற்சக்கரப் பெட்டி, சக்கரக் குடங்கள், பிரேக்கு ஆகியவற்றைக் கழற்றி எடுத்து, புதிதாகப் பற்றவைத்த இரும்புக் குழாய்ச் சட்டகத்தில் பொருத்துவதே பெரும்பான்மை வழக்கம். உறுப்புகளைத் தரும் அந்தப் பழைய வண்டியைக் கொடை வண்டி எனலாம்.

இவ்வாறு தொடங்கப்படும் வண்டிகளில் பல, ஒருமுறைகூட ஓடாமல் தார்ப்பாயின் கீழ் நின்றுவிடுகின்றன. வேகமான வண்டியைக் கட்டுவது கடினம் என்பது இதற்கு முதற் காரணம் அன்று. தொடக்கத்தில் நேரும் சில மில்லிமீட்டர் பிழை பல மாதங்கள் கழித்தே வெளிப்படுகிறது. அப்போது அதைத் திருத்த, அதன்பின் செய்த வேலை அனைத்தையும் அவிழ்க்க வேண்டியிருக்கிறது. இக்கட்டுரை அத்தகைய பின்னடைவுகளையும் அவற்றின் காரணங்களையும் தமிழ்நாட்டுச் சூழலில், குறிப்பாக விருதுநகர் மாவட்டத்து அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்களைப் போன்ற வறண்ட நிலச் சூழலில், விளக்குகிறது.

வரலாறு

புகழ் பெற்ற பந்தய நிறுவனங்கள் சில இத்தகைய கொட்டகைகளில் பிறந்தவை. இங்கிலாந்தின் சர்பிட்டன் நகரில் சார்லசு கூப்பர், அவர் மகன் ஜான் கூப்பர் ஆகியோர் 1946 ஆம் ஆண்டு கட்டிய முதல் வண்டியில், பியட் டோப்போலினோ எனும் சிறிய தானுந்தின் முன்பாகங்கள் இரண்டு ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டிருந்தன. 500 க.செ.மீ. கொள்ளளவுள்ள மோட்டார் சைக்கிள் பொறியிலிருந்து சங்கிலி வழியாகப் பின்சக்கரங்களை ஓட்டுவது எளிது என்பதற்காகவே பொறி ஓட்டுநரின் பின்னால் வைக்கப்பட்டது. பெரிய கோட்பாடு எதுவும் அதன் பின்னணியில் இல்லை. ஆயினும் பின்பொறி அமைப்பைத் தொடர்ந்து வளர்த்த கூப்பர் வண்டிகளில் ஜாக் பிரபாம் 1959, 1960 ஆகிய இரு ஆண்டுகளிலும் பார்முலா 1 உலக வாகையர் ஆனார். அதன்பின் சில ஆண்டுகளிலேயே முன்பொறி வண்டிகள் அப்போட்டியிலிருந்து மறைந்தன.

லோட்டசு நிறுவனத்தைத் தோற்றுவித்த காலின் சாப்மன், தம் முதல் வண்டியைப் பழைய ஆசுட்டின் செவன் ஒன்றிலிருந்து 1948 இல் கட்டி முடித்தார். தாம் மணக்கவிருந்த பெண்ணின் பெற்றோர் வீட்டுப் பின்புறக் கொட்டகையே அவருக்குப் பட்டறையாக இருந்தது.

பின்னடைவுகளைப் பற்றிப் பேசும்போது நியூசிலாந்தின் பர்ட் மன்றோவை விட்டுவிட முடியாது. அவர் கட்டியது தானுந்து அன்று. 1920 ஆம் ஆண்டு இந்தியன் வகை மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பல பத்தாண்டுகள் விடாமல் மாற்றியமைத்து வந்தார். பழைய தகரக் குவளைகளை அச்சாகக் கொண்டு தாமே வார்த்த உந்துருளைகள் அடிக்கடி உடைந்தன. உடைந்தவற்றை எறியாமல், வேகத் தெய்வத்துக்கான காணிக்கை என்று எழுதிய அலமாரியில் அடுக்கி வைத்தார். 1967 இல், தம் அறுபத்தெட்டாம் வயதில், அமெரிக்காவின் பொனவில் உப்புவெளியில் மணிக்கு 183 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் ஓட்டி, 1000 க.செ.மீ.க்குக் குறைந்த பொறிகளுக்கான பிரிவில் சாதனை படைத்தார். உடைந்த உறுப்பைப் பாதுகாத்து வைப்பது வெறும் வேடிக்கை அன்று. முறிந்த பரப்பைப் பார்த்தால், ஒரே அடியில் உடைந்ததா, சிறு விரிசல் நாளடைவில் வளர்ந்து உடைந்ததா என்பது தெரியும். முன்னதற்கு வலிமையான உறுப்பு தேவை. பின்னதற்குப் பெரும்பாலும் கூர்முனைகளை மழுங்கச் செய்தாலே போதும்.

தமிழ்நாட்டில்

சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் 1953 இல் தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் அக்கழகம் பல ஆண்டுகள் பந்தயங்களை நடத்தியது. அக்காலத்தில் இந்தியாவில் கிடைத்தவை அம்பாசடர், பியட் 1100 வழிவந்த பிரிமியர், சென்னையில் உருவான இசுடாண்டர்டு எரால்டு முதலிய சில வகைகளே. வெளிநாட்டு உதிரிப்பாகங்களை இறக்குமதி செய்ய உரிமமும் கடுமையான சுங்க வரியும் குறுக்கே நின்றன. ஆகவே பந்தய வண்டி வேண்டுவோர் இவற்றில் ஒன்றை அறுத்து, எடை குறைத்து, பொறியைத் திருத்திக்கொண்டனர். உறுப்பு ஒன்று உடைந்தால் மாற்று உறுப்புக்காகக் காத்திருப்பதிலேயே ஒரு பந்தயப் பருவம் கழிந்துவிடக்கூடிய காலம் அது.

இந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன் (1954–1995). நெசவாலை நடத்தும் குடும்பத்தில் பிறந்த இவர், பந்தய ஓட்டுநராக இருந்ததோடு தாமே வண்டிகளை வடிவமைத்துக் கட்டினார். 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்த மாருதி 800 தானுந்தின் 796 க.செ.மீ., மூன்று உருளைப் பொறியைக் கொண்டு, 1980களின் இறுதியில் இவர் உருவாக்கிய ஒற்றை இருக்கை வண்டியே பார்முலா மாருதி என்று பெயர் பெற்றது. நாற்பது குதிரைத் திறனைக்கூட எட்டாத அப்பொறியைப் பந்தயப் பொறி என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அதற்குரிய உதிரிப்பாகம் நாட்டின் எந்த ஊரிலும் கிடைத்தது; சரிசெய்யத் தெரிந்தவரும் எந்த ஊரிலும் இருந்தார். கரிவரதனின் பங்களிப்பில் மிகப் பெரியது இத்தெரிவே எனலாம். இந்தியாவின் முதல் பார்முலா 1 ஓட்டுநராக 2005 இல் களமிறங்கிய நரேன் கார்த்திகேயன் உள்ளிட்ட பலர், ஒற்றை இருக்கைப் பந்தயத்தைப் பார்முலா மாருதியில்தான் தொடங்கினர். கரிவரதன் 1995 இல் வான் விபத்தொன்றில் உயிரிழந்தார். கோயம்புத்தூர் அருகே செட்டிபாளையத்தில் 2003 இல் திறக்கப்பட்ட 2.1 கி.மீ. பந்தயத் தடம் அவர் பெயரால் கரி மோட்டார் வேகச்சாலை என்று வழங்குகிறது.

கொடை வண்டியைத் தெரிதல்

பிரித்தானியாவில் ரான் சாம்பியன் 1996 இல் எழுதிய கையேடு, பழைய போர்டு எசுகார்ட்டு ஒன்றிலிருந்து மலிவாக விளையாட்டுத் தானுந்து கட்டும் முறையை விளக்கி, உலகெங்கும் பலரை இம்முயற்சியில் இறக்கியது. அந்த எசுகார்ட்டு இந்தியாவில் கிடைப்பதில்லை. அவ்வரைபடத்தை அப்படியே பின்பற்றிச் சட்டகத்தைப் பற்றவைத்துவிட்டு, அதன்பின் அதற்குள் அடங்கும் பொறியைத் தேடுவது தொடக்கநிலையாளர் பலர் செய்யும் பிழை. பொறியும் பற்சக்கரப் பெட்டியும் கையில் வந்து, அளவெடுத்து, அட்டையில் மாதிரி செய்து பார்த்த பிறகே முதல் குழாயை அறுக்க வேண்டும்.

மாருதி 800 முன்சக்கர உந்துகை கொண்டது. அதன் பொறி குறுக்குவாட்டில் அமைந்தது. அதை ஓட்டுநரின் பின்னால் வைப்போர், இடவசதிக்காகப் பொறியைத் தலைமாற்றித் திருப்பி வைத்தால், சக்கரங்கள் எதிர்த்திசையில் சுழலும். கிடைப்பது, முன்னோக்கி ஒரு கியரும் பின்னோக்கி நான்கு கியரும் உள்ள வண்டி! உலகெங்கும் வண்டி கட்டுவோரிடையே இது பழைய நகைச்சுவை. செய்தவர்க்கு மட்டும் நகைச்சுவை அன்று. இதே வகைப் பிழை திசைமாற்றியிலும் நேரும். சக்கரத்தின் திசைமாற்றிக் கை அச்சுக்குப் பின்னால் இருக்க வேண்டியதை முன்னால் வரும்படி இடவலமாக மாற்றிப் பொருத்தினால், வலப்புறம் திருப்பும்போது வண்டி இடப்புறம் திரும்பும்.

மாருதி ஆம்னி அதே பொறியை நீளவாட்டில் கொண்டு பின்சக்கரங்களை ஓட்டுவதால், முன்பொறி வண்டி கட்டுவோர்க்கு அது வசதியானது. ஆனால் மாருதி 800, அம்பாசடர் ஆகியவற்றின் உற்பத்தி 2014 இலும் ஆம்னியின் உற்பத்தி 2019 இலும் நின்றன. சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிப்பாகச் சந்தைகளே இனி இவற்றுக்குப் புகலிடம். ஒரு பொறியை வாங்கும்போது அதற்குரிய கம்பித் தொகுதி, பொறித் தாங்கிகள், சக்கர அச்சுத் தண்டுகள் ஆகியவற்றையும் அதே வண்டியிலிருந்து சேர்த்து வாங்காதவர், பின்னர் ஒவ்வொன்றையும் தனித்தனியே தேடி அலைய நேரிடும்.

சட்டகம் கோணுதல்

பற்றவைக்கும்போது உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கி, குழாயைத் தன் பக்கம் இழுக்கிறது. ஒரு மூலையை முழுவதும் பற்றவைத்துவிட்டு அடுத்த மூலைக்குச் செல்பவர், இறுதியில் முறுக்கிய கட்டில் போன்ற சட்டகத்தையே பெறுவார். முதலில் எல்லா மூட்டுகளையும் புள்ளிப் பற்றாகப் பிடித்து, குறுக்களவுகள் சமமா என்று பார்த்து, அதன்பின் எதிரெதிர் மூலைகளில் சிறிது சிறிதாகப் பற்றவைப்பதே முறை.

வெப்பநிலை மாற்றமும் அளவைப் பிறழச் செய்யும். எஃகு ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 12 பங்கு விரியும். 2 மீட்டர் குழாய், விடியற்காலைக்கும் வெயில்படும் நண்பகலுக்கும் இடையே 20 பாகை சூடேறினால், கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் நீளும். சட்டகத்தின் ஒரு பக்கம் வெயிலிலும் மறுபக்கம் நிழலிலும் இருக்கும்போது எடுக்கும் குறுக்களவு அதனால் நம்பத்தக்கது அன்று.

மின்சாரமும் ஒரு தடை. வீட்டு ஒருமுனை இணைப்பில், மின்னழுத்தம் தாழும் மாலை வேளையில் பற்றவைத்தால், மேலே அழகான வரி தெரியும்; உள்ளே உலோகம் கலந்திருக்காது. இதைக் கண்ணால் அறிய முடியாது. அன்றன்று ஒரு துண்டுக் குழாயைப் பற்றவைத்து, பிடிகருவியில் இறுக்கி உடைத்துப் பார்ப்பதே சோதனை. பற்று பிரியாமல் குழாய் கிழிந்தால் அன்றைய வேலை நல்லது.

கரிசல் நிலத்தில்

அருப்புக்கோட்டை நெசவுக்கும் நூற்பாலைகளுக்கும் பெயர் பெற்ற ஊர். அதன் கிழக்கே, குண்டாற்றங்கரையில் திருச்சுழி உள்ளது. தறியும் ஆலையும் இருக்கும் ஊரில் கடைசல் பட்டறைக்கும் வெல்டிங் பட்டறைக்கும் பஞ்சமில்லை. உருளைத் தண்டு கடையவும் தாங்கி பொருத்தவும் தெரிந்த கைகள் உண்டு. பந்தயத் தானுந்து கட்டுவோர்க்கு இது சாதகமான நிலை. பாதகமாக அமைவன நிலமும் வெயிலும் தூரமும்.

இப்பகுதியில் பரவலாக உள்ள கரிசல் மண், ஈரம் பட்டால் உப்பி, காய்ந்தால் சுருங்கி வெடிக்கும் களிமண் ஆகும். ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. கரிசல் மீது நேரடியாகப் போட்ட மெல்லிய சிமெந்துத் தரை, மழைக்காலத்தில் ஓரிடத்தில் எழும்பும்; சித்திரையில் வேறிடத்தில் இறங்கும். ஐப்பசியில் ரசமட்டம் வைத்துச் சமன் செய்த தரையில் தொடங்கிய சட்டகத்தை, பங்குனியில் அதே தரையை நம்பி அளந்தால், நான்கு சக்கரங்களுள் ஒன்று தரையைத் தொடாமல் நிற்கலாம். சட்டகம் கோணிவிட்டது என்று எண்ணி நல்ல சட்டகத்தையே அறுக்க நேரிடும். உண்மையில் கோணியது தரை.

இதற்குத் தீர்வு எளிது. கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டுச் சரளை மண் நிரப்பி இறுக்கி அதன்மேல் தளம் போடலாம். அதற்குச் செலவு செய்ய முடியாதவர், தடித்த இரும்புச் சட்டத்தால் கட்டிய மேசை ஒன்றை, உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகுக் கால்களில் நிறுத்தலாம். ஒவ்வொரு முறை அளக்கும் முன்னும் மேசையைச் சமன் பார்க்க வேண்டும். கொத்தனார்கள் பயன்படுத்தும், நீர் நிரப்பிய ஒளிபுகு குழாயே இதற்குப் போதும். 3 மீட்டர் தூரத்தில் ஒரு மில்லிமீட்டர் வேறுபாட்டை அது காட்டிவிடும். நடுக்கோட்டுக்குத் தூக்குக் குண்டு போதும்.

கோடை வெப்பம் பொறியின் திறனையும் குறைக்கிறது. காற்று சூடேறினால் அடர்த்தி குறையும். 15 பாகையில் இருக்கும் காற்றைவிட 40 பாகைக் காற்று ஏறத்தாழ 8 விழுக்காடு மெலிந்தது; மிகைக்காற்றூட்டி இல்லாத பொறியின் திறனும் ஏறக்குறைய அந்த அளவுக்குக் குறையும். கார்புரேட்டர் பொறிகளில் இதைவிடத் தொல்லையானது, சூடான பொறியையொட்டிச் செல்லும் குழாயில் பெட்ரோல் கொதித்து ஆவியாகி, வழியை அடைத்துக்கொள்வது. வண்டி நன்றாக ஓடி நின்று, பத்து நிமிடம் கழித்துக் கிளம்ப மறுக்கும். ஆறியபின் ஒன்றும் நடவாதது போல் கிளம்பும். இதை மின்பொறிக் கோளாறு என்று எண்ணித் தீப்பொறிச் செருகிகளையும் சுருளையும் மாற்றிக்கொண்டே இருப்போர் உண்டு. இந்தியாவில் 2025 இல் 20 விழுக்காடு எத்தனால் கலப்பு எட்டப்பட்ட பிறகு இன்னொரு கவனமும் தேவைப்படுகிறது. பழைய வண்டிகளின் இரப்பர்க் குழாய்கள், அடைப்பான்கள் பல எத்தனாலில் உப்பிக் கசியும் தன்மை உடையவை. அவற்றை மாற்றாமல் பொறியை ஓட்டக்கூடாது.

காற்றில் மிதக்கும் நுண்தூசி காரணமாக, வடிகட்டி இல்லாத கார்புரேட்டர் அழகாக இருந்தாலும் உருளைச் சுவரை அரம் போல் தேய்த்துவிடும். வேலி தாண்டிப் பரவிக் கிடக்கும் சீமைக் கருவேல முட்கள், பட்டறை வாசலைத் தாண்டுமுன்பே பந்தயச் சக்கரத்தைத் துளைக்க வல்லவை.

தூரத்தைத் திருத்த வழியில்லை. அருப்புக்கோட்டையிலிருந்து கோயம்புத்தூர்ப் பந்தயத் தடம் சாலைவழி ஏறத்தாழ 260 கி.மீ.; 1990 இல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டைத் தடம் சுமார் 500 கி.மீ. வண்டியைச் சரக்குந்தில் ஏற்றி அவ்வளவு தூரம் சென்றபின், ஒரு போல்ட்டு தளர்ந்ததற்காகத் திரும்ப வேண்டியிருந்தால் அந்நாளும் பணமும் போயின. ஆகவே இப்பகுதியினர் பட்டறையிலேயே செய்து முடிக்கக்கூடிய சோதனைகளுக்கு மற்றவரைவிட அதிக முக்கியத்துவம் தர வேண்டியுள்ளது.

ஓட்டிப் பார்க்கும்போது வெளிப்படும் குறைகள்

மேட்டில் ஏறினால் திரும்பும் சக்கரம். சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது, தொங்கல் அமைப்பின் கைகளும் திசைமாற்றித் தண்டும் தத்தம் வட்டத்தில் சுழல்கின்றன. இரு வட்டங்களும் பொருந்தாவிட்டால், ஓட்டுநர் திருப்பாமலே சக்கரம் திரும்பும். மெதுவாக ஓட்டும்போது தெரியாத இக்குறை, மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஒரு சிறு மேட்டைத் தாண்டும்போது வண்டியைத் தடத்தைவிட்டே எறியக்கூடும். இதைக் கண்டறிய ஓட வேண்டியதில்லை. சுருள்வில்லைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை ஜாக்கியால் ஒவ்வொரு சென்டிமீட்டராக உயர்த்தி, அதன் முன்விளிம்பும் பின்விளிம்பும் அருகில் நிறுத்திய பலகையிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று குறித்துக்கொண்டால் போதும். திசைமாற்றிப் பெட்டியைச் சில மில்லிமீட்டர் உயர்த்தியோ தாழ்த்தியோ திருத்தலாம். பெட்டியின் தாங்கிகளை இறுதியாகப் பற்றவைத்துவிட்டவர்க்கு மட்டும் இது பெரிய வேலை.

பொய் சொல்லும் வெப்பமானி. பொறி பின்னாலும் ரேடியேட்டர் முன்னாலும் இருந்தால், நீர்க்குழாய்கள் வண்டியின் நீளம் முழுவதும் செல்லும். அவற்றின் மேடான இடத்தில் காற்றுக் குமிழ் தங்கினால் நீரோட்டம் தடைப்படும். வெப்ப உணரி அக்குமிழுக்குள் அகப்பட்டால், அது நீரின் வெப்பத்தை அல்லாமல் காற்றின் வெப்பத்தையே காட்டும். முள் நடுவில் நிற்கும். அலுமினியத் தலையோ வளைந்துகொண்டிருக்கும். குளிர்விப்பு வழியின் மிக உயர்ந்த புள்ளியில் காற்றை வெளியேற்றும் திருகு ஒன்றை வைப்பது, பொறியைக் காக்கும் மலிவான காப்பீடு ஆகும்.

எண்ணெய் விலகுதல். நீண்ட வளைவில் எண்ணெய் முழுவதும் தொட்டியின் ஒரு பக்கம் ஒதுங்க, உறிஞ்சு குழாய் காற்றை இழுக்கிறது. சில நொடிகள் எண்ணெய் அழுத்தம் இல்லாமற்போனாலும் தாங்கிகள் கருகிவிடும். தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் பற்றவைப்பதே இதற்கு மருந்து.

பிரேக்கு. முன்பொறி வண்டியின் பிரேக்குகள், முன்புற எடை மிகுதி என்ற கணக்கில் அமைந்தவை. பொறியைப் பின்னால் கொண்டுசென்றபின் அதே அமைப்பை வைத்துக்கொண்டால், முன்சக்கரங்கள் விரைவில் பூட்டிக்கொண்டு, திசைமாற்றியைத் திருப்பினாலும் வண்டி நேரே செல்லும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனித் தலைமை உருளைகளும், அவற்றிடையே விசையைப் பகிரும் தண்டும் இருந்தால் விகிதத்தை மாற்றிக்கொள்ள இயலும். மிதிகட்டை பொருத்திய தகடு மெல்லியதாயிருந்து வளைவதும் அடிக்கடி காணப்படும் குறை. உருளையில் கோளாறு என்று எண்ணிப் பலமுறை எண்ணெய் மாற்றிய பிறகே அது கண்ணில் படும்.

மின்னோட்டம் திரும்பும் வழி. சட்டகத்துக்கு அழகாக வண்ணம் பூசியபின், மின்கருவிகள் ஒவ்வொன்றாக விசித்திரமாக நடந்துகொள்ளும். வண்ணம் மின்கடத்தாப் பொருள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வரும். புவித்தொடர்பு முனைகளில் வண்ணத்தைச் சுரண்டினால் பாதிக் கோளாறுகள் மறையும்.

உயிர்ப் பாதுகாப்பு

மேற்கண்டவை பணத்தையும் காலத்தையும் மட்டும் தின்பவை. கவிழ்ந்தால் தலையைக் காக்கும் உருள்வளையத்தில் செய்யும் சிக்கனம் அவ்வகையைச் சேர்ந்தது அன்று. நீர்க்குழாய்க்கு விற்கப்படும் துத்தநாகம் பூசிய குழாயை வளைத்து உருள்வளையமாக்குவது மிகவும் அபாயகரமானது. அதன் வலிமைக்கு உறுதி இல்லை. பற்றவைக்கும்போது எழும் துத்தநாகப் புகை காய்ச்சலையும் மூச்சுத் தொல்லையையும் தரும். பன்னாட்டுத் தானுந்துக் கூட்டமைப்பின் விதிகள், முதன்மை வளையத்துக்குக் குளிர்நிலையில் இழுத்த, மூட்டில்லாக் கரிம எஃகுக் குழாயையே ஏற்கின்றன, 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. தடிப்பும் அல்லது 50 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிப்பும் இருக்க வேண்டும். அக்குழாயைக்கூட நெருப்பில் காய்ச்சி வளைக்கலாகாது. குழாய் வளைக்கும் பொறியில் குளிர்நிலையிலேயே வளைக்க வேண்டும்.

வீட்டுப் பட்டறைகளில் தீக்கு மிகப் பழகிய காரணம், பெட்ரோல் தொட்டியைக் கழற்றாமல் அருகிலேயே அரைப்பொறி கொண்டு இரும்பை அறுப்பது. வெறுமையான தொட்டி நிறைந்த தொட்டியைவிட ஆபத்தானது. எரிவது நீர்மம் அன்று, ஆவியே.

சட்டமும் தணிக்கையும்

இந்திய மோட்டார் வாகனச் சட்டம், 1988, பதிவு செய்யப்படாத ஊர்தியைப் பொதுச் சாலையில் ஓட்டத் தடை விதிக்கிறது. உற்பத்தியாளர் குறித்த அமைப்பிலிருந்து அடிப்படை மாற்றம் செய்வதை அதன் 52 ஆம் பிரிவு தடுக்கிறது. இத்தடையின் கடுமையை உச்சநீதிமன்றம் 2019 ஜனவரித் தீர்ப்பொன்றில் உறுதிப்படுத்தியது. எனவே வீட்டில் கட்டிய பந்தய வண்டியை ஊர்ச் சாலையில் சோதித்துப் பார்ப்பது சட்டப்படி குற்றம். கோடையில் வற்றிய கண்மாய்த் தரை பார்ப்பதற்குத் திறந்தவெளித் தடம் போலிருக்கும். ஆனால் கரிசல் வெடிப்புகள் சக்கரத்தைக் கவ்வக்கூடியன. ஆடு மேய்ப்போரும் அங்கே நடமாடுவர்.

போட்டிகளில் கலந்துகொள்ள, இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு வழங்கும் ஓட்டுநர் உரிமம் தேவை. வண்டியும் தொழினுட்பத் தணிக்கையில் தேற வேண்டும். விதிநூலைப் படிக்காமல் கட்டி முடித்து, எந்தப் பிரிவிலும் சேராத வண்டியுடன் நிற்பது பின்னடைவுகளுள் மிகவும் வருந்தத்தக்கது. நன்றாக ஓடும் வண்டிக்கே அது நேர்கிறது.

மாணவர் போட்டிகள்

தனிமனிதர் சந்திக்கும் இப்பின்னடைவுகளை முன்கூட்டியே கற்பிக்கும் களமாகக் கல்லூரி மாணவர் போட்டிகள் அமைந்துள்ளன. அமெரிக்காவில் 1980களின் தொடக்கத்தில் தோன்றிய பார்முலா எஸ்.ஏ.இ. போட்டியை ஒட்டி இந்தியாவிலும் போட்டிகள் நடைபெறுகின்றன. கரடுமுரடான தரைக்கான பாகா போட்டியின் இந்தியப் பதிப்பு 2007 இல் மத்தியப் பிரதேசத்துப் பீதம்பூரில் தொடங்கியது. பார்முலா பாரத் போட்டி கோயம்புத்தூர்க் கரி மோட்டார் வேகச்சாலையில் நடத்தப்பட்டு வருகிறது.

இவற்றின் தணிக்கைமுறை, வீட்டில் கட்டுவோரும் பின்பற்றத் தக்கது. வண்டியை மேடையோடு 45 பாகை சாய்க்கும்போது எந்த நீர்மமும் சிந்தலாகாது. 60 பாகை சாய்க்கும்போது சக்கரம் எதுவும் மேடையைவிட்டு எழலாகாது. பிரேக்கை அழுத்தினால் நான்கு சக்கரங்களும் பூட்டிக்கொள்ள வேண்டும். முழு உடையுடன் வார் கட்டி அமர்ந்த ஓட்டுநர் 5 நொடிகளுக்குள் வெளியேற வேண்டும். ஓராண்டு உழைத்துக் கட்டிய வண்டி பிரேக்குச் சோதனையில் தேறாததால், தடத்தில் ஒரு சுற்றுகூட ஓடாமல் திரும்பும் அணிகள் ஆண்டுதோறும் உண்டு. இவற்றுள் கடைசிச் சோதனைக்குப் பந்தயத் தடமோ சாய்வு மேடையோ தேவையில்லை. கொட்டகையில் வண்டியை நிறுத்தி, கடிகாரத்தைப் பார்த்தபடி ஒருவர் அருகில் நின்றாலே செய்துவிடலாம்.